டியூப் ஒண்ணு

“பொய் சொல்லாத! நீதான் புடுங்கியிருக்க!”

“சத்தியமா இல்லக்கா. நான் தொடவே இல்ல.”

“தொடாமலா கழண்டுச்சு? அதுக்கென்ன கால் முளைச்சிருக்கா? ஒண்ணு டியூபைக் காணோம்னு காலையில ஆறு மணிக்குத்தான் தெரியுதா உனக்கு?”

“ராத்திரி ஒம்பது மணிக்குப் பையைக் கொட்டினேன்க்கா. பன்னெண்டு மணிக்கும் வந்து பார்த்தேன். பை தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

“பை தொங்கும். உள்ள டியூப் இருந்துச்சான்னு பாத்தியா? பாத்தியா, இல்லையா? அதைச் சொல்லு!”



வியாழக்கிழமை, காலை மணி 10.20. பிரிக்பீல்ட்ஸில் அந்த அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் எழுந்த சத்தம் கீழே பூக்கடை வரை கேட்டது. எதிர்வீட்டுச் சீதாலெட்சுமி, இரும்புக் கதவுக்குப் பின்னால் துடைக்காத தட்டோடு நின்று, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவது தனக்கு அறவே பிடிக்காது என்று அவள் எல்லாரிடமும் சொல்லுவாள். சொல்லிவிட்டுத் தலையிடுவாள்.

தலையிட அவளுக்கு ஒரு தகுதியும் இருந்தது. இருபத்தெட்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் வார்டில் அட்டெண்டண்ட். எத்தனையோ டாக்டர்கள் மாற்றலாகிப் போனார்கள். சீதாலெட்சுமி சிறுநீர் சேரும் பைகளைக் கொட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஒரு நோயாளியின் பையைப் பார்த்தே அவன் மனைவி வந்து போனாளா, காதலி வந்து போனாளா என்று சொல்லிவிடுவாள் என்று வார்டில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் அவள்தான்.

எதிர்வீட்டுச் சின்னையாவுக்கு எழுபது வயது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன புதன்கிழமை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டியோடு சேர்த்து ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். கட்டி மூத்திரப்பையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அதிலும் ஒரு துண்டை வெட்டித் தைத்தார்கள். திங்கட்கிழமை, உடம்பில் இரண்டு டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்று வயிற்றுக்குள் கசியும் நீரை இழுப்பது; அதன் நுனியில் எலுமிச்சம்பழம் அளவு பிளாஸ்டிக் குமிழ். இன்னொன்று சிறுநீர் டியூப். அது கட்டிலோரம் தொங்கும் பையில் போய் முடியும்.

வியாழன் காலை ஆறு மணிக்குக் கிழவரின் முனகல் கேட்டு, அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ரோகிணி போர்வையை விலக்கினாள். சிறுநீர் டியூப் இல்லை. வயிறு வீங்கிக் கல்லாகியிருந்தது. உடம்பு கொதித்தது. ஆறே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தூக்குப்படுக்கை லிஃப்டுக்குள் நுழையாமல் இழுபறிப்பட்டபோது முதலில் வந்து தலைமாட்டைப் பிடித்தவள் சீதாலெட்சுமி. சட்டை விலகிய வயிற்றில் குமிழ் ஊக்கு குத்தியபடியே ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒட்டிய பிளாஸ்திரியில் மார்க்கரால் ‘1’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் லோகேஸ்வரி அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பாவம், அப்பா மேல் உயிர் என்று நினைத்தாள் சீதாலெட்சுமி.

இப்போது அவள் ஃபிளாஸ்க்கில் மைலோ ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனாள். சண்டை நடக்கும் வீட்டுக்குள் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவள் கொள்கை.

“லோகேஸு, முதல்ல இதைக் குடி. தொண்டை காஞ்சிடுச்சு உனக்கு. நாலாம் மாடிச் சீனன் கிழவன்கூட எட்டிப் பார்த்துட்டான் லா.”

“நீங்களே கேளுங்க அக்கா! நர்ஸுக்குப் படிச்சவளாம். புதுக்கோட்டையில இருந்து வந்தவளாம். ஏஜென்டுக்கு போன் போட்டுட்டேன். மூணு மணிக்கு வர்றான். பாஸ்போர்ட்டும் அவன்கிட்டத்தான் இருக்கு. யுகேந்திரன் அண்ணன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் போலீஸ் ரிப்போர்ட்டு. ரெண்டு நாள்ல ஃபிளைட்டு. அங்க போனாலும் எந்த ஆஸ்பத்திரியும் இவளை உள்ள விடக்கூடாது. அப்படி எழுதிக் கொடுப்பேன்!”

ரோகிணி சுவரோரம் நின்றிருந்தாள். இருபத்தேழு வயது. அழுது முடித்து, அழ ஒன்றும் மிச்சமில்லாத முகம்.

சீதாலெட்சுமி சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டால் அவளை எழுப்புவது கஷ்டம் என்பது அந்த மாடிக்கே தெரியும்.

“நேத்து யாரு யாரு வீட்டுல இருந்தீங்க?”

“இவ எங்க இருந்தா? ஒன்றரைக்குப் போனவ ஆறரைக்கு வந்தா. ஊர் சுத்திட்டு.”

“நீங்கதானேக்கா லீவு குடுத்தீங்க,” என்றாள் ரோகிணி மெதுவாக. “நான் கேக்கக்கூட இல்ல. கோயிலுக்குப் போயிட்டு சாயந்திரம் வான்னீங்க.”

“குடுத்தா? குடுத்தது தப்பா?”

“அப்ப மத்தியானம் அப்பாகூட யாரு?” என்றாள் சீதாலெட்சுமி.

“யாருமில்ல. மாத்திரை போட்டுத் தூங்கிட்டு இருந்தார். நான் நாலரைக்கே வந்துட்டேன். வந்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்தார்.”

சீதாலெட்சுமி மைலோ மூடியைத் திருகி மூடினாள். நேற்று, வருடத்துக்கு ஒருமுறை வருகிற அதிசயமாக, அவள் வாசலில் இல்லை. வளையல் வாங்கக் கிள்ளான் போயிருந்தாள். அங்கே லிட்டில் இந்தியாவில் தையல்கடை வாசலில் லோகேஸ்வரி நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் யுகேந்திரனின் மகள் மாதவிக்குக் கல்யாணம், ரவிக்கை வேலை. ஒரு அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, போனில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். அளவு சொல்கிறாள் போல என்று கையை ஆட்டிவிட்டு வந்தாள் சீதாலெட்சுமி. அவள் பார்க்கவில்லை. அப்போது எதிரே இருந்த வங்கிக் கடிகாரத்தில் மணி நாலு.

நாலு மணிக்குக் கிள்ளானில் நின்றவள், கொமுட்டர் ரயில் பிடித்து நாலரைக்குப் பிரிக்பீல்ட்ஸ் வர, ரயில் பறந்திருக்க வேண்டும்.

“கல்யாண வீடு வேற,” என்று பெருமூச்சு விட்டாள் சீதாலெட்சுமி. “அப்பா ஆஸ்பத்திரிக் கார்டு எங்கம்மா?”

“ஆம்புலன்ஸ்ல குடுத்துட்டேன்.”

“ஓ.”

மணி 11.05. லோகேஸ்வரி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தினாலும் “மாமா… நீங்க வாய் திறக்காதீங்க மாமா” என்பது மட்டும் வெளியே கசிந்தது.

சீதாலெட்சுமி ரோகிணியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“நீ எழுதுற நோட்டைக் காட்டு.”

நோட்டு சுத்தமாக இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பையைக் கொட்டி, அளந்து எழுதியிருந்தாள். புதன்கிழமை காலை 5 மணி, 200 மில்லி. 9 மணி, 190. பகல் 1 மணி, 210. அப்புறம் இரவு 9 மணி, 150. நள்ளிரவு, ஒன்றுமில்லை.

“ஆறரைக்கு வந்ததும் ஏன் கொட்டல?”

“அப்பா தூங்குறார், லைட்டுப் போடாதேன்னாங்க அக்கா. ஒம்பதுக்குத்தான் விட்டாங்க. பை இருந்துச்சு, பைப்பு போர்வைக்குள்ள போச்சு. அப்பாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி. நான் போர்வையைத் தொட்டாலே தள்ளும்மா, தள்ளும்மான்னுவார். அதனால…” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் பாத்திருக்கணும். காலையில பார்த்தா பையோட பைப்பு நுனியை மடிச்சு மெத்தைக்கடியில சொருகியிருக்கு.”

“ராத்திரி எழுந்தாரா?”

“மூணு தடவை பாத்ரூம் கதவுச் சத்தம் கேட்டுச்சு. வயித்தால போறார்னு நினைச்சேன். தண்ணி ஊத்துற சத்தமே வரல.”

சீதாலெட்சுமி கண்ணை மூடித் திறந்தாள். எழுபது வயது மனுஷன், இருட்டில் மூன்று தடவை போய் நின்று, ஒன்றும் வராமல் திரும்பி வந்து படுத்திருக்கிறான். யாரையும் எழுப்பவில்லை.

“இதென்ன? புதன் காலை பத்து மணி, ‘டியூப் 1 திறந்தேன், 30’னு எழுதியிருக்க?”

“கார்டுல போட்டிருந்துச்சுக்கா. அன்னிக்குக் கிளினிக் போகணும்னு இருந்துச்சு, தள்ளி வச்சாச்சுன்னு அக்கா சொன்னாங்க. சரி, கார்டுல உள்ளதையாவது செய்யலாம்னு… செவ்வாய்க்கிழமை உங்ககிட்டதானே கேட்டேன்? ‘புக்கா’ன்னா திறக்குறதான்னு?”

கேட்டாள். துணி உலர்த்தும்போது கேட்டாள். அப்போது ஐந்தாம் மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை சுவாரசியமான கட்டத்தில் இருந்தது. சீதாலெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆமாம்மா, கடை புக்கா, கதவு புக்கா, திறக்குறதுதான்” என்றாள். சட்டை புக்கா, செருப்பு புக்கா என்றால் கழற்றுவது என்பதை இங்கே பிறந்த குழந்தைகூடச் சொல்லும். ஆறு மாதத்துக்கு முன் வந்தவளுக்கு யார் சொல்வது?

“கார்டைப் படம் எடுத்து வச்சிருக்கியா?”

இருந்தது. வார்டு நர்ஸ் மலாயில் கொட்டை எழுத்தில் இரண்டே வரி எழுதியிருந்தாள்.

*தியூப் 1: புக்கா ஹாரி ராபு, கிளினிக், 10 பாகி.*

*தியூப் 2: ஜாங்ஙான் புக்கா. துங்கு எக்ஸ்ரே, 14 ஹாரி.*

ஒன்றாம் டியூபைப் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கிளினிக்கில் கழற்ற வேண்டும். இரண்டாம் டியூபைக் கழற்றவே கூடாது. பதினாலாம் நாள் எக்ஸ்ரே பார்த்த பிறகுதான்.

வெறும் குடல் ஆபரேஷன் என்றால் சிறுநீர் டியூபை முதல் நாளோ இரண்டாம் நாளோ எடுத்துவிடுவார்கள். வைத்திருந்தால் கிருமி ஏறும். சீதாலெட்சுமி ஆயிரம் பேருக்குப் பார்த்திருக்கிறாள். ஆனால் மூத்திரப்பையைத் தைத்திருந்தால் கதை வேறு. தையல் ஆறும்வரை மூத்திரப்பை நிரம்பவே கூடாது. நிரம்பினால் தையல் விட்டு உள்ளேயே கசியும்.

அவள் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். ரோகிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டை ஓட்டுக்கும் டீத்தூளுக்கும் கீழே செய்தித்தாள் பொட்டலம் ஒன்று கிடந்தது. கசக்கிப் போட்ட காகிதம் அல்ல. அந்தக் காலத்தில் மருந்துப்பொடி மடிப்பார்களே, நாலு மூலையும் உள்ளே போய், ஒட்டாமலேயே நிற்குமே, அந்த மடிப்பு. உள்ளே ரப்பர் டியூப். நுனிப் பலூன் சுருங்கியிருந்தது; யாரோ ஊசிக்குழாயால் தண்ணீரை முறையாக உறிஞ்சிவிட்டு வலிக்காமல் எடுத்திருக்கிறார்கள். எடுத்த டியூபில் இறுக்கமாக ஒரு முடிச்சு. எடுத்தாயிற்று, மறுபடி யாரும் கொதிக்க வைத்து இன்னொருவருக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்கிற முடிச்சு. வார்டில் இருபது வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற பெரியவர்கள் அப்படித்தான் போடுவார்கள்.

“உனக்கு இந்த மாதிரி முடிச்சுப் போடத் தெரியுமா?”

“எதுக்குக்கா முடிச்சு? ஆஸ்பத்திரிக் குப்பைன்னு மஞ்சள் பையில போட்டுக் கட்டிடுவோம்.”

குளிர்சாதனப் பெட்டியின் மேல் பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு இருந்தது. கடையில் வாங்கியதுபோல் இல்லை. காம்பில் பால் காய்ந்து, சணல் கட்டியிருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“நேத்து ஆறரைக்கு வந்தப்ப இருந்துச்சுக்கா.”

மணி 1.15. யுகேந்திரனிடமிருந்து போன் வந்தது. லோகேஸ்வரி கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். சின்னையா போய்விட்டார். உள்ளே எல்லாம் கசிந்து ரத்தத்தில் ஏறிவிட்டதாம். டியூபை யார் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுக்காமல் டாக்டர் உடலைத் தர மாட்டாராம்.

“ஐயோ அப்பா” என்று லோகேஸ்வரி அலறியதில் நடிப்பு இல்லை. 

மணி 3.00. வீடு நிறைந்தது. ஏஜென்ட் ராஜேஷ்குமார் வாசலில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். யுகேந்திரன் மேருவில் லோரி கம்பெனி வைத்திருக்கிற ஆள், பெரிய உருவம். இன்று தோள்கள் தொங்கிவிட்டிருந்தன. நாற்காலியில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். லோகேஸ்வரியின் தாய்மாமா. எழுபத்து நாலு வயது. எஸ்டேட் மருந்தகத்தில் முப்பது வருடம் டிரெசராக இருந்தவர். தோட்டத்தில் டாக்டர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, தையல், பிரசவம் எல்லாம் டிரெசர்தான். இந்தக் குடும்பத்தில் அவர் கை ஊசி வாங்காத பிட்டம் கிடையாது. அவர் சொன்னால் மறுபேச்சும் கிடையாது.

“வா போலாம்,” என்றான் ராஜேஷ்குமார் ரோகிணியைப் பார்த்து. “பையை எடு. ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா ஏர்போர்ட் பக்கம் ரூம்.”

“ஒரு அஞ்சு நிமிஷம், பாஸ்,” என்றாள் சீதாலெட்சுமி. “ரிப்போர்ட்டுல மணி எழுதணும்ல? அதை மட்டும் சொல்லிடுறேன். டியூபை எடுத்தது நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான் யுகேந்திரன்.

“உங்கப்பாவே சொல்லிட்டுப் போயிருக்கார். இந்தா நோட்டு. மணிக்கு அம்பது மில்லி, கடிகாரம் மாதிரி இறங்கியிருக்கு. ஒரு மணிக்குப் பையைக் காலி பண்ணிட்டாங்க. ஒம்பது மணிக்கு எவ்வளவு இருக்கணும்? நானூறு. இருந்தது நூத்தம்பது. மூணு மணி நேரத்துப் பாடு. ஒண்ணும் மூணும் நாலு.”

“சாயங்காலம் நான் கொட்டியிருப்பேன்,” என்றாள் லோகேஸ்வரி.

“நீயா? அந்தப் பையை நீ விரலால தொட்டதுண்டா? மூக்கைப் பொத்திக்கிட்டு அறை வாசல்லயே நிப்பியே!”

லோகேஸ்வரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“நாலு மணிக்கு ரோகிணி வீட்டுலயே இல்ல. ஒன்றரைக்குப் போனவ ஆறரைக்குத்தான் வந்தான்னு காலையில கத்திச் சொன்னது நீதான். நாலாம் மாடி சாட்சி.”

யுகேந்திரன் தங்கையைப் பார்த்தான். சீதாலெட்சுமி தட்டில் ஒரு பழத்தை வைத்து ஞானசம்பந்தத்தின் கையில் கொடுத்தாள்.

“அண்ணே, வெறும் வயித்தோட இருக்காதீங்க. நேத்து நீங்க கொண்டாந்ததுதான். ரொம்ப இனிப்பு.”

“மரத்துலேயே பழுத்ததும்மா, அதான்…” என்றவர் நின்றுவிட்டார். லோகேஸ்வரி “மாமா!” என்றாள். மிக மெதுவாகத்தான் சொன்னாள்.

“நேத்து வந்தீங்களா மாமா?” என்றான் யுகேந்திரன்.

கிழவர் பழத்தை உரிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“அவரைக் கேக்காதப்பா. நான் கேக்குறேன்.” சீதாலெட்சுமி தன் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். “அண்ணே, ஆஸ்பத்திரிக் கார்டு. இதுல போட்டிருக்கிறபடிதானே செஞ்சீங்க?”

அவர் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுபோனார்.

“ஆமாம்மா. இதுல உள்ளபடிதான் செஞ்சேன். நான் ஒண்ணும் என் இஷ்டத்துக்குச் செய்யல. புதன்கிழமை எடுக்கணும்னு போட்டிருக்குல்ல, இதோ.”

“அது என் பிரஷர் கார்டு அண்ணே.”

 கிழவரின் கண்மணி இரண்டிலும் வெள்ளை படர்ந்திருப்பதை, ஏதோ இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் யுகேந்திரன் பார்த்தான்.

“கண்ணு தெரியாதுன்னு சொன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க,” என்றார் ஞானசம்பந்தம் தரையைப் பார்த்து. “கை இன்னும் நல்லாத்தான் இருக்கு. தடவிப் பார்த்தே எடுத்துடுவேன்.”

“கார்டை உங்களுக்கு யாரு வாசிச்சது?”

“பிள்ளதான். போன்ல. சாவியைக் கீழ பூக்கடையில குடுத்து வச்சிருந்துச்சு.”

சீதாலெட்சுமி லோகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். இந்த இடத்தில் வழக்கமாக அவளுக்குக் குரல் உயரும். இன்று உயரவில்லை.

“நேத்து நாலு மணிக்குக் கிள்ளான்ல தையல்கடை வாசல்ல நின்னு அட்டையைப் பார்த்து வாசிச்சியே லோகேஸு. நான் பார்த்தேன். ரவிக்கை அளவுன்னு நினைச்சேன். கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு நாள் போயிடும். கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. நம்ம மாமாதான் டிரெசராச்சே, அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு அப்பாயின்மென்டைத் தள்ளி வச்ச. நர்ஸு பக்கத்துல நின்னா ஏன், எதுக்குன்னு கேப்பான்னு அவளுக்கு லீவு குடுத்த. மாமாவுக்கு என்னன்னு வாசிச்ச?”

லோகேஸ்வரி சொன்னாள். “உள்ளதைத்தான் வாசிச்சேன். டியூப் ஒண்ணு, புதன்கிழமை எடுக்கணும்னு.”

“டியூப் ஒண்ணு,” என்று சீதாலெட்சுமி திருப்பிச் சொன்னாள். “அண்ணே, உங்க காதுல என்ன விழுந்துச்சு?”

கிழவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “ஒண்ணு டியூப். ஒண்ணுக்குப் போற டியூப். குடல் ஆபரேஷனுக்கு ஒண்ணு டியூபை ரெண்டு நாளைக்கு மேல வைக்கிறதில்ல. ஏழு நாளா வச்சிருக்கானுங்களேன்னு எனக்கே கோபம். மூத்திரப்பையைத் தைச்சிருக்குன்னு… எனக்கு யாரும் சொல்லலியேம்மா.”

“சொல்லியிருக்க மாட்டாங்க. அப்பாவோட அந்த விவகாரத்தை வாய்விட்டுச் சொல்ல மகளுக்குக் கூச்சம். வாசிச்சவ டியூபைப் பார்க்கல. டியூபைப் பார்த்தவருக்கு வாசிக்க முடியல. நடுவுல ‘ஒண்ணு’ன்னு ஒரு வார்த்தை. நர்ஸு ஒண்ணுன்னு எழுதினது வயித்துல இருந்த குமிழை. நீங்க எடுத்தது ரெண்டு. அந்தக் குமிழை யாருமே எடுக்கல.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “இதுவரைக்கும் நடந்தது தப்பு. யாருக்கும் நடக்கும். எனக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. ‘புக்கா’ன்னா என்னன்னு இந்தப் பிள்ள செவ்வாய்க்கிழமை என்னைக் கேட்டுச்சு. நான் கார்டை வாங்கிப் பார்த்திருந்தா, கிளினிக் போய்த்தான் ஆகணும்னு இவ அடம்பிடிச்சிருப்பா. ஆனா இன்னிக்குக் காலையில நடந்தது வேற. ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ ஒண்ணுன்னு பிளாஸ்திரி ஒட்டின குமிழ் அப்படியே தொங்குச்சு. நீ அதைப் பார்த்த, லோகேஸு. வாயைப் பொத்தின. எந்த டியூப் போயிருக்குன்னு அந்த நிமிஷமே உனக்குப் புரிஞ்சு போச்சு. அப்புறம் மூணரை மணி நேரம் கழிச்சு இந்தப் பிள்ளையைப் பிடிச்சு, நீதான் புடுங்கினேன்னு கத்த ஆரம்பிச்ச. அதை மட்டும் யாரும் தப்பா வாசிச்சுச் செய்யல.”

லோகேஸ்வரி அழவில்லை. “மாமாவை உள்ள தள்ளிடுவாங்கன்னு பயந்தேன் அக்கா,” என்றாள்.

“அதனால மூணாவது வீட்டுப் பிள்ளையைத் தள்ளலாம்னு பார்த்த.”

“டாக்டர் கேட்டாரே!” யுகேந்திரனின் குரல் உடைந்தது. “எட்டு மணிக்கே உன்கிட்ட போன்ல கேட்டாரே, எப்ப எடுத்தாங்கன்னு! தெரிஞ்சா வயித்தைத் திறக்குறதா வேணாமான்னு முடிவு பண்ணலாம்னாரே. தெரியாதுன்னியே!”

 வெளியே மோனோரயில் கடந்துபோனது. ஞானசம்பந்தம் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

ராஜேஷ்குமார் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். “அப்ப இந்தப் பிள்ள வரத் தேவையில்லயா, அக்கா?”

“பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு நீ கிளம்பலாம் லா.”

அன்று சாயங்காலம் யுகேந்திரன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் ரோகிணியின் பெயர் சாட்சியாக மட்டும் இருந்தது. விசாரணை பல மாதம் இழுத்து, ஒருவரையும் உள்ளே தள்ளாமல் முடிந்தது. குடும்பத்தை மட்டும் பிரித்துப் போட்டது.

மாதவியின் கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து மேளம் இல்லாமல் நடந்தது. பெண் காஜாங்கில் குடியேறினாள். கிள்ளானில் தைத்த ரவிக்கைகளை யாரும் போடவில்லை. லோகேஸ்வரி பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு மேருவில் அண்ணன் வீட்டு மாடிக்குப் போனாள். கீழே இருக்கிறவன் அவளோடு பேசுவதில்லையாம். சாப்பாடு மட்டும் படியில் ஏறிப் போகிறதாம். இதைச் சீதாலெட்சுமியிடம் சொன்னது அங்கே வேலை செய்யும் பெண். ரோகிணி கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். மறு வருடம் விமலனைக் கட்டிக்கொண்டாள். அன்று காலை தூக்குப்படுக்கையின் கால்மாட்டைப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ் ஆள் அவன்தான். அவன் சாட்சி சொல்ல வந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை தேநீர் வாங்கிக் கொடுத்ததிலிருந்தே தனக்குத் தெரியும் என்று சீதாலெட்சுமி ஆறு மாடிக்கும் அறிவித்தாள்.

ரோகிணியின் கல்யாணத்துக்கு முந்திய வாரம் ஞானசம்பந்தம் வந்தார். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்து, கட்டுப் பிரித்து நாலு நாள் ஆகியிருந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தவர், எதிர்வீட்டுப் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சீதாலெட்சுமியின் கதவைத் தட்டினார். உட்காரவில்லை.

“அந்தக் கார்டு இருக்கா தங்கச்சி?”

ரோகிணி எடுத்த படம் போனில் இருந்தது. சீதாலெட்சுமி பெரிதாக்கிக் காட்டினாள். அவர் விரலை வைத்து இரண்டு வரியையும், ஒவ்வொரு எழுத்தாக, கடைசிவரை வாசித்தார்.

“தெளிவாத்தான் எழுதியிருக்காங்க,” என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார். சீதாலெட்சுமிக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. அவருக்கு முன்னால் போய் லிஃப்ட் பொத்தானை மட்டும் அமுக்கினாள். மறுமாதம் ஜெஞ்சாரோம் வீட்டைப் பூட்டிவிட்டு அவர் ஈப்போவில் மகனிடம் போய்விட்டதாகக் கேள்வி. வாழை மரங்களை வெட்டிவிட்டுப் போனாராம்.